சிபாரிசுக்கு என்ன விலை?

கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் போய் யாராவது விமர்சனம் செய்வார்களா என்று கேட்காதீர்கள். பல நாவல்களைவிட அதிகம் பேரின் தினசரி வாழ்க்கையைத் தொட்ட கட்டுரை இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1998 ஜனவரியில் எழுதியது. எழுதியவர்கள் நால்வர்: லாரி பேஜ், செர்ஜி பிரின், ராஜீவ் மோத்வானி, டெர்ரி வினோகிராட். முதல் இருவரும் அதே வருஷம் கூகுள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். கட்டுரையில் வருகிற சங்கதிக்குப் பெயர் பேஜ்ரேங்க்.

ஐடியா எளிமைதான். ஒரு இணையப் பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. நிறைய சிபாரிசு வாங்கிய பக்கம் பெரிய பக்கம். பெரிய பக்கம் தரும் சிபாரிசுக்கு மதிப்பு ஜாஸ்தி. வரன் விசாரிக்கப் போகிறவர்கள் செய்வதும் இதுதானே? பையனிடம் போய் 'நீ நல்லவனா?' என்று கேட்பதில்லை. தெருமுனைக் கடைக்காரரைக் கேட்பார்கள். நாலு பேர் நல்லவன் என்றால் நல்லவன். நாலில் ஒருவர் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் என்றால் ரொம்ப நல்லவன்.

அதற்கு முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் பையனையே கேட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் 'ஹோட்டல்' என்ற வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணின. உடனே சில புத்திசாலிகள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு 'ஹோட்டல்' எழுதி ஒளித்து வைத்தார்கள். அந்தக் கூத்தைக் குறைத்ததற்காக நால்வருக்கும் ஒரு சபாஷ்.

இனி என் புகார். வியாபாரிகள் இந்த முறையை வளைப்பது கஷ்டம் என்று கட்டுரை ஒரு இடத்தில் தைரியம் சொல்கிறது. முக்கியமான ஒரு பக்கத்தையோ, சாதாரணப் பக்கங்கள் பலவற்றையோ சம்மதிக்க வைக்க வேண்டுமே! மிஞ்சிப் போனால் காசு கொடுத்து லிங்க் வாங்குவார்கள்; அதற்கும் செலவாகும், அதனால் அது கட்டுக்குள் இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

படித்தபோது சிரிப்பு வந்தது. லாபம் வருகிற இடத்தில் செலவு எப்போது ஐயா தடையாக இருந்தது? அதற்குப் பெயர் முதலீடு!

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜே.சி.பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, கூகுளில் மாதக்கணக்காக எதைத் தேடினாலும் முதலில் நின்றது. கவுன், படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு, எல்லாம். சாம்சோனைட் பெட்டியைத் தேடினால் சாம்சோனைட் கம்பெனிக்கே முன்னால் இந்தக் கடை! தோண்டிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான லிங்க்குகள் சம்பந்தமே இல்லாத இடங்களிலிருந்து வந்திருந்தன. குறட்டை பற்றிய பக்கம், பாத்ரூம் டைல்ஸ் பக்கம் எல்லாம் கவுனுக்கு சிபாரிசு செய்தன. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றது கடை. தன் தேடல் ஆலோசகர்களை வேலையை விட்டு நீக்கியது. கூகுள் கையாலேயே தண்டனை கொடுத்தது. பெட்டித் தேடலில் முதலிடம் சில மணி நேரத்தில் 71-ஆம் இடமானது. அடுத்த வருஷம் ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற திருத்தம் வந்து, இப்படி லிங்க் சேர்த்த பல பக்கங்களைக் கீழே தள்ளியது. விற்பனை நிற்கவில்லை, ரகசியமானது.

வேடிக்கை என்னவென்றால், பேஜும் பிரினும் 1998-ல் எழுதிய இன்னொரு கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று எச்சரித்திருக்கிறார்கள். பணம் தேடுபொறியையே சாய்க்கும் என்று தெரிந்தவர்களுக்கு, குறட்டைப் பக்கத்தையும் சாய்க்கும் என்று தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

என் தீர்ப்பு இது: கணக்கு சரி, மனுஷ சுபாவம் தப்பு. யாரும் எண்ணாதவரைக்கும்தான் சிபாரிசு சிபாரிசாக இருக்கும். எண்ண ஆரம்பித்த நிமிஷமே அது சரக்கு. நஷ்டம் கூகுளுக்கு இல்லை. மாசக்கணக்காக உழைத்து உருப்படியான பக்கம் ஒன்றை எழுதிவிட்டு, யாராவது தானாக லிங்க் கொடுப்பார்கள் என்று காத்திருக்கிறாரே, அவருக்கு. அப்புறம், அந்தப் பக்கம் கண்ணில் படாமலே போகிற உங்களுக்கு.

'இத்தனை ரூபாய்க்கு ஐந்நூறு லிங்க்' என்று யாராவது உங்களிடம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய லிங்க்கைக் காட்டிக் கொடுக்கும் விஷயங்களில் ஒன்று: அத்தனை பக்கமும் ஒரே வார்த்தையைச் சொல்லும்.

வரன் விசாரிக்கப் போன தெருவில் அத்தனை பேரும் 'தங்கமான பையன்' என்று அட்சரம் பிசகாமல் சொன்னால், காபியைக் குடித்துவிட்டு அடுத்த தெருவிலும் ஒரு தடவை விசாரித்து விடுங்கள்.