பச்சைக் கோடு: ஆரம்ப மாணாக்கருக்கு ஃப்ரீகேட் 1.0

மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏ2 தாளைச் சுருட்டி உருளைக்குள் செருகிக்கொண்டு வந்த தலைமுறைகளுக்குப் பொறியியல் வரைபடம் கற்பித்துவந்த நான், கணினியில் வரையப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தபோது, எந்தச் சாதனத்தைக் கொண்டு தொடங்குவது என்று பல மாதங்கள் சஞ்சலப்பட்டேன். கடைசியில், 2002-இல் முதன்முதலாக வெளிவந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணை எட்டிய ஃப்ரீகேட் என்னும் மென்பொருளை ஒரு வகுப்பு முழுவதற்கும் வைத்து நடத்திப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எழுந்த அபிப்பிராயம் இது.

ஃப்ரீகேட்டுக்கு விலை இல்லை. ஓராண்டில் காலாவதியாகும் மாணவர் உரிமமும் இல்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. படிப்பு முடிந்து பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பின்பும் அதே கருவி அவன் கையில் இருக்கும் என்பது ஏழை மாணாக்கன் விஷயத்தில் சாமானியமான லாபமன்று.

முதல் நாளில் நான் கொடுப்பது, 60 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு செவ்வகம். ஸ்கெட்ச் எனப்படும் தட்டை வரைபடத்தில் அதை அவன் இழுத்து முடித்தவுடன், இன்னும் நான்கு சுதந்திரங்கள், அதாவது அசையக்கூடிய வழிகள், கட்டுப்படாமல் இருக்கின்றன என்று பக்கத்தில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. நீளத்தைக் கொடுத்தால் மூன்று. உயரத்தைக் கொடுத்தால் இரண்டு. அந்த இடத்தில்தான் ஒரு கை உயரும்.

"சார், ரெண்டு அளவும் குடுத்தாச்சே, இன்னும் ரெண்டு பாக்கின்னு காட்டுதே?"

"ஒரு மூலையை மவுஸால பிடிச்சு இழுத்துப் பாரு தம்பி."

இழுத்தால், செவ்வகம் வடிவம் சிதையாமல், மேஜைமேல் தள்ளிவிட்ட தீப்பெட்டிபோல வழுக்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு பெரியது என்று சொன்னோமே ஒழிய, எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை என்பது, எந்த வியாக்கியானமும் இன்றி அவனுக்குப் பிரத்தியட்சமாகிவிடுகிறது. மூலையை ஆதிப்புள்ளியோடு பிணைக்கிறான், எண் பூஜ்யமாகிறது, நான்கு கோடுகளும் பச்சையாக மாறுகின்றன. அடுத்து உள்ளே ஒரு துளைக்காக வட்டம் வரைந்தால் மறுபடியும் மூன்று: விட்டம், கிடைத் தூரம், செங்குத்துத் தூரம். சென்டர் பஞ்சைக் கையில் எடுக்கும் பட்டறைத் தொழிலாளி நம்மிடம் கேட்கப்போவதும் அதே மூன்று எண்களைத்தான். காகிதத்தில் ஓர் அளவை விட்டுவிட்டவனுக்கு, நான் சிவப்பு மையால் சுழித்துக் காட்டும்வரை அந்தப் பிழை தெரியாது. இங்கே அக்கணமே தெரிகிறது. ஒரே அளவை இருமுறை கொடுத்தாலும் மென்பொருள் ஆட்சேபிக்கிறது.

கோடுகளை நிபந்தனைகளால் கட்டுப்படுத்தும் இந்தத் தத்துவம் புதியதன்று; 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் ஆய்வுக்காகப் படைத்த ஸ்கெட்ச்பேட் என்ற கணினி வரைநிரலிலேயே, ஒளிப்பேனாவால் வரைந்த கோடுகளுக்கு இத்தகைய நிபந்தனைகளை விதிக்க முடிந்தது.

ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுத்து உருவாக்கிய திடவடிவத்திலிருந்து வரைதாள் எடுக்கும் டெக்டிரா என்ற பகுதியைப்பற்றி எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. நம் நாட்டு வழக்கான ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷனைத் தேர்ந்தெடுத்தால், முகப்புத் தோற்றத்தின் கீழே மேல்தோற்றம் தானே வந்து அமர்கிறது. தானே வருவதாலேயே, ஏன் கீழே வருகிறது என்று சிந்திக்காமல் போகும் அபாயமும் இருக்கிறது. ஆகவே மூன்று தோற்றங்களையும் முதலில் பென்சிலால் வரையச் சொல்லி, பிறகு டெக்டிராவோடு ஒப்பிட்டுத் திருத்தச் செய்கிறேன். மறைந்த விளிம்புக்கான இடைவிட்ட கோடு ஒன்றைத் தவறவிட்ட மாணவி, திரையில் திடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதைத் தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை, எத்தனையோ ஆண்டு கரும்பலகை விளக்கத்தில் நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. வொர்க்பெஞ்ச் என்ற பெயரில் பல அறைகளாகப் பிரிந்திருக்கும் இம்மென்பொருள் புதியவனைத் திகைக்கச் செய்கிறது. ஸ்கெட்சர், பார்ட் டிசைன், டெக்டிரா ஆகிய மூன்றைத் தவிர மற்றவற்றை ஆரம்பத்தில் தொடாமலிருப்பது உத்தமம். முந்தைய அளவொன்றை மாற்றினால் திடத்தின் முகங்களுக்கு மென்பொருள் இட்ட பெயர்கள் மாறி, பின்னால் செய்த வேலை குலைந்துபோகும் பழைய உபத்திரவம் 1.0-இல் பெரிதும் தணிந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. ஸ்கெட்சுகளைத் திடத்தின் முகத்தில் அமைக்காமல் அடிப்படைத் தளங்களிலேயே அமைக்கும் அப்பியாசத்தை முதலிலேயே ஏற்படுத்திவிட்டால் இந்தச் சங்கடம் அநேகமாக வராது.

ஆரம்ப மாணாக்கருக்கு ஃப்ரீகேட் 1.0-ஐத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். சக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் மூன்று வாரங்கள் பென்சிலைக் கொடுங்கள், நான்காம் வாரம் கணினியைத் திறந்து, அறுபதுக்கு நாற்பது செவ்வகம் ஒன்றை வரையச் சொல்லுங்கள், கோடுகள் பச்சையாகும்வரை விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.