கழுமரமும் தாமரைக் குளமும்

ஒரே மாவட்டம், ஒரே செம்மண், ஒரே வெயில். ஆனால், இரண்டு ஓவியங்கள்!

ஒன்றிலே தாமரைக் குளம். மீன் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது, யானை நீராடுகிறது, எருமை இளைப்பாறுகிறது. இடையிலே மூவர் மலர் கொய்து நிற்கின்றனர். மற்றொன்றிலே கழுமரங்கள். வரிசை வரிசையாக நடப்பட்ட கூர்மரங்கள். அவற்றிலே செருகப்பட்ட துறவியரின் உடல்கள்.

முன்னது சித்தன்னவாசல். பின்னது ஆவுடையார்கோயில். முன்னதைச் சமணர் தீட்டுவித்தனர். பின்னதிலே சமணர் தீட்டப்பட்டனர். 1974ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சையைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதியும் அதனுடன் இணைந்தது. அன்றுமுதல் இவ்விரு ஓவியங்களும் ஒரே வீட்டின் இரு அறைகளில் மாட்டிய படங்களைப் போல இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போர்தாம் குறைவு.

பள்ளிப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றோம். மறுநாள் வகுப்பிலே ஆவுடையார்கோயில் ஓவியத்தின் கோட்டுப் பிரதி ஒன்றைக் காட்டினோம். வகுப்பு அடங்கிற்று. முன்வரிசைச் சிறுமி கேட்டாள்: "ஐயா, இவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?" நாம் விடை சொல்ல வாயெடுக்குமுன், பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எதிர்த்துப் பேசியிருப்பார்கள்!"

அந்தக் கேள்வியைவிட அந்தச் சிரிப்பே நம்மை உறுத்திற்று. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

இருளின் மீது மனிதனுக்கு ஒரு காதல் உண்டு. அதை மறுப்பானேன்? நடுங்கிக்கொண்டே பேய்க்கதை கேட்பவர் நாம். கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியே பார்ப்பவர் நாம். கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்கள் அறிவர். செயங்கொண்டார் போர்க்களத்திலே பேய்களுக்குக் கூழ் சமைக்கிறார், காளிக்கு விருந்து வைக்கிறார். காரைக்காலம்மையார் தம்மையே பேயுருவாக்கிச் சுடுகாட்டைப் பாடினார். நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சுரத்துச் சுவரிலே, பிற்காலத்தார் தீட்டிய பைரவர் உருவம் நிறம் மங்கி நிற்கிறது. திருவிழாக் கடைகளிலே விற்ற நரகப் படங்களை நம் பாட்டன்மார் வீடுகளிலே கண்டிருக்கிறோம். எண்ணெய்க் கொப்பரை, இரும்பு உலக்கை, வாளால் அறுபடும் உடல்! அவற்றைப் பார்த்துப் பார்த்து அஞ்சினோம். அஞ்சி அஞ்சிப் பார்த்தோம்.

ஆகவே, "கொடுமையைத் தீட்டலாமா?" என்று கேட்பது பேதைமை. தீட்டலாம், தீட்டவும் வேண்டும். யார் பக்கம் நின்று தீட்டுவது என்பதே கேள்வி.

இதை அளக்கக் கோல் எங்கே என்று கடல் கடந்து தேட வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கூறினார். ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன் நான்கு எனவும் வகுத்தார். அச்சம் எவற்றால் பிறக்கும்? அணங்கால், விலங்கால், கள்வரால், இறையால். இறை என்பது இங்கே அரசன். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்தபடியாக, ஆள்பவனையும் அச்சம் தருவனவற்றின் வரிசையிலே வைத்த துணிவைக் காண்க! வெகுளி எவற்றால் பிறக்கும்? உறுப்பறையால், குடிகோளால், அலையால், கொலையால். அதாவது, ஒருவன் உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைப்பது, கொல்வது. இவை கண்டால் சினம் வரவேண்டும். அதுவே இயல்பு. பெருமிதம் எவற்றால் பிறக்கும்? கல்வியால், தறுகணால், இசைமையால், கொடையால். கொலைக்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை.

செய்யுளுக்கு வகுத்த இந்தக் கோல் ஓவியத்துக்கும் பொருந்தும். கொலையைத் தீட்டிய ஓவியம் நம்மிடம் வெகுளியை எழுப்புகிறதா, பெருமிதத்தை எழுப்புகிறதா? இந்த ஒரு கேள்வி போதும்.

முதலில் அயல்நாட்டுச் சுவர்களிலே இதைச் சோதித்துப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா, முதுமையிலே, செவிப்புலன் இழந்த நிலையிலே, 1819க்கும் 1823க்கும் இடையில் தம் வீட்டுச் சுவர்களில் பதினான்கு ஓவியங்கள் தீட்டினார். கருப்பு ஓவியங்கள் என உலகம் அவற்றை அழைக்கிறது. அவற்றுள் ஒன்று, சனிக்கடவுள் தன் பிள்ளையைத் தின்னும் காட்சி. தன்னை வென்றுவிடுவானோ என்று பெற்ற பிள்ளைக்கே அஞ்சும் கடவுள்! தின்பவனுடைய கண்களைப் பாருங்கள். அங்கே வெற்றி இல்லை. வெறியும் வெருட்சியுமே இருக்கின்றன. ஆள்வோன் அஞ்சினால் அடுத்த தலைமுறையைத் தின்பான் என்பதை ஏடெழுதிக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கண்களே காட்டுகின்றன.

அதே கோயா, நெப்போலியன் படை ஸ்பெயினில் புகுந்த காலத்துக் கொடுமைகளை 1810 முதல் 1820 வரை செப்புத் தகடுகளிலே செதுக்கினார். "போரின் பேரழிவுகள்" என்பது அத்தொகுதி. அதில் ஒரு படம்: பட்டமரத்தின் முறிந்த கிளையிலே குத்தி நிறுத்தப்பட்ட மனிதன், கை துண்டிக்கப்பட்ட வெற்றுடல். கழுமரமேதான்! ஆனால், செருகியவனை உயர்த்தி நிறுத்த அங்கே அரியணை இல்லை. வாழ்த்துப் பாட அடியார் கூட்டம் இல்லை. அந்த உடலும் நாமும் நேருக்கு நேர். உறுப்பறையும் கொலையும் வெகுளியை எழுப்புகின்றன. தொல்காப்பியக் கோல் ஸ்பெயினிலும் பிசகவில்லை. அத்தொகுதி கோயா வாழ்ந்த நாளில் வெளிவரவில்லை. 1828இல் அவர் மறைந்தார். 1863இல்தான் அது அச்சேறிற்று. உண்மையைச் செதுக்கியவன் முப்பத்தைந்து ஆண்டு கல்லறையிலே காத்திருக்க நேர்ந்தது.

கோயா சமயத்தை எள்ளியவர். அதனால் அப்படித் தீட்டினார் என்பார் உளரோ? எனில், குருனவால்ட் என்னும் செருமானிய ஓவியரைக் காட்டுவோம். 1512க்கும் 1516க்கும் இடையில் ஈசன்ஹைம் மடத்துக்காக அவர் தீட்டியது சிலுவைக் காட்சி. அம்மடத்திலே, நஞ்சேறிய தானியத்தால் உடல் எரிந்து அழுகும் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து வந்தனர். ஓவியர் சிலுவையில் தொங்கும் ஏசுவின் மேனியெங்கும் புண்ணைத் தீட்டினார். விரல்களை முறுக்கினார்; தோலைப் பச்சையாக்கினார். அக்காட்சி கொடிது; ஆனால், படுக்கையில் கிடந்த நோயாளி அதிலே தன் வலியைக் கண்டான். சமய ஓவியமாயினும் துன்புறுவோன் பக்கத்திலே நின்றது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது, சித்தபிரசாத் என்னும் ஓவியர் மேதினிபூர்ப் பகுதியிலே அலைந்து, எலும்புக்கூடாய் நின்ற மக்களைக் கறுப்பு மையால் வரைந்தார். "பசித்த வங்காளம்" என அது நூலாக வந்தது. வெள்ளை அரசு நூலைப் பறிமுதல் செய்தது. பட்டினியைப் போக்க முடியாத அரசுக்குப் பட்டினியின் படத்தைப் பறிக்க முடிந்தது!

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

ஆவுடையார்கோயில் எளிய இடமன்று. அங்குள்ள கற்கொடுங்கையின் நுட்பம் நாடறிந்தது. "ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தாரமங்கலத்துத் தூணும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக" என்று சொல்லித்தான் பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்வார்களாம். கல்லை ஓலையாக மெலித்த அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது. திறமை குறைந்த இடத்திலே கொடுமை பிறந்திருந்தால் கவலையில்லை. திறமையின் உச்சியிலே பிறந்திருக்கிறதே!

அக்கழுவேற்ற ஓவியம் சொல்லும் கதை பலரும் கேட்டதே. கூன்பாண்டியன் சமணம் சார்ந்திருந்தான். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தனர். தீயிலிட்ட ஏடு கருகவில்லை. ஆற்றிலிட்ட ஏடு எதிரேறிற்று. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர்.

இக்கதையில் வாதம் உண்டு, கேள்வி இல்லை. ஏடு எரிந்தால் கொள்கை பொய். எரியாவிட்டால் கொள்கை மெய் என்பது எந்த ஊர் அளவை நூல்? ஓவியத்தின் முன் நிற்பவனுக்கு இந்த ஐயம் எழக்கூடாது. அவனை வென்றவர் பக்கத்திலே நிறுத்திவிடுகிறது படம். கழுவில் இருப்பவர்களுக்குத் தனிமுகம் இல்லை. அவர்கள் ஒரு தொகை, ஓர் எண், எண்ணாயிரம். முகமற்றவனுக்காக யார் அழுவர்? வெகுளி பிறக்க வேண்டிய இடத்திலே பெருமிதம் பிறக்கிறது. அழுகை பிறக்க வேண்டிய இடத்திலே எள்ளல் என்னும் நகை பிறக்கிறது. நம் வகுப்பிலே கேட்ட சிரிப்பு அதுதான். அச்சிறுவன் தீயவன் அல்லன். ஓவியம் எங்கே நிற்கச் சொன்னதோ அங்கே நின்றான், அவ்வளவே.

சரி, இது நடந்ததா?

இங்கே நம் தோழர்களிடமும் ஒரு சொல் கூறியாக வேண்டும். நம் மேடைகளிலேயே "எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள்" என்று வரலாறாகவே முழங்குகிறோம். புராணம் நமக்கு ஆகாது. ஆனால், புராணத்தின் கணக்கு மட்டும் ஆகுமோ? சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். தம் பதிகங்களிலே சமணரை ஏசுகிறாரேயன்றி, எண்ணாயிரவர் கழுவேறியதைக் கூறினாரல்லர். நம்பியாண்டார் நம்பியிடத்தும், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடத்துமே கதை வளர்கிறது. திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமாகவே தடிக்கிறது. சமணர் இலக்கியமோ இப்படியொரு பேரழிவைப் பதிந்து வைக்கவில்லை. நீலகண்ட சாத்திரியார் போன்ற வரலாற்றறிஞரும் இதைக் கதை என்றே தள்ளினர்.

எல்லாவற்றினும் வலிய சான்று சித்தன்னவாசலிலேயே இருக்கிறது. அங்கே குகைக்கோயிலின் அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு. சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் அறிவர்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுத்தான் என்கிறது அது. மகேந்திரவர்மன் காலத்தவை என முன்னர்க் கருதப்பட்ட ஓவியங்கள், இக்கல்வெட்டு கிடைத்தபின் பாண்டியர் காலத்தவை எனக் கொள்ளப்பட்டன.

எண்ணிப் பாருங்கள்! கழுமரக் காடாயிற்று என்று கதை சொல்லும் அதே மதுரையிலிருந்து, இருநூறு ஆண்டு கழித்து, ஒரு சமண ஆசிரியன் வருகிறான். பாண்டிய வேந்தன் ஆட்சியிலேயே வருகிறான். பழுதுபட்ட கோயிலைச் செப்பனிடுகிறான். கழுகுமலையிலே சமணச் சிற்பங்கள் பாண்டியர் காலத்தில்தான் எழுந்தன. நாம் வகுப்பிலே நடத்தும் நன்னூலைப் பவணந்தி என்னும் சமணர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாத்தார். பூண்டோடு அழிந்தவர்களா இலக்கணம் எழுதினார்கள்?

அக்காலத்தே சமயப் பூசல் இல்லை, வன்முறை இல்லை என்று நாம் கூறவில்லை. சமணம் செல்வாக்கிழந்தது மெய். அதன் பள்ளிகள் பாழானதும் மெய். ஆனால், எண்ணாயிரம் பேர் சாவு ஐயத்துக்குரியது. ஐயமற்றது ஒன்றுண்டு: அது நடந்திருக்க வேண்டுமெனப் பின்வந்தோர் விரும்பினர்; விரும்பிச் சுவரிலே தீட்டினர். நடந்த கொலையை மறைப்பது ஒரு குற்றம். நடவாத கொலையைப் பெருமை எனக் கொண்டாடுவது, நாளைய கொலைக்குப் பயிற்சி. உலகின் இருண்ட ஓவியங்களுள் இதை மிக இருண்டது என்று நாம் சொல்வது இரத்தத்துக்காக அன்று, இந்த விருப்பத்துக்காக.

மீண்டும் ஒருமுறை சித்தன்னவாசலுக்கு வாருங்கள். குன்றின் மேலே ஏழடிப்பட்டம். பாறையைச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்து. ஊண் சுருக்கி, உறக்கம் சுருக்கி, வடக்கிருந்து உயிர்நீத்த துறவியரின் இடம் அது. சாவை அவர்கள் அறியாதவர் அல்லர். தம் உடலின் மேலேயே கடுமை காட்டியவர்கள். அந்நோன்பை நாம் ஏற்கவில்லை. உடலை வருத்தினால் உண்மை தெரியும் என்பதும் ஒரு மயக்கமே. ஆயினும், கல்லிலே படுத்த அவர்களின் கோயில் விதானத்திலே தீட்டப்பட்டது என்ன? பகைவனின் பிணமா? இல்லை! சுண்ணச் சாந்தின் மேலே, காவியும் மஞ்சளும் பச்சையும் கரியும் கொண்டு, ஒரு தாமரைக் குளம். அதிலே யானைக்கும் இடமுண்டு, மீனுக்கும் இடமுண்டு. நிறம் உதிர்ந்தும் அந்தக் குளம் வற்றவில்லை.

தோழர்களே! ஒரு வேண்டுகோள். கழுவேற்ற ஓவியங்களை அழிக்க வேண்டும் என்று யாரேனும் கூறினால், ஒப்பாதீர்கள். குடமுழுக்கின் பெயரால் தமிழ்நாட்டுக் கோயில்களிலே எத்தனையோ பழஞ்சுவர்கள் சுண்ணாம்பு பூசப்பட்டு ஊமையாயின. சான்றை அழிப்பது அறிவின் வேலையன்று. அந்த ஓவியம் இருக்கட்டும். அருகே ஒரு பலகை இருக்கட்டும். கதை எந்த நூற்றாண்டில் பிறந்தது, எந்த நூற்றாண்டில் வளர்ந்தது, இளங்கௌதமன் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தான் என்று மூன்று வரி எழுதியிருக்கட்டும். இருளுக்கு எதிராக வேறு படை வேண்டாம்.

அந்தச் சிறுமிக்கு நாம் சொன்ன விடை இது: "அவர்கள் செய்த குற்றம் இன்னதென்று அந்தப் படம் காட்டவில்லை, அம்மா. குற்றத்தைக் காட்டாமல் தண்டனையை மட்டும் காட்டும் படத்தைக் கண்டால், தீட்டியவரிடம் கேள்வி கேள்."

பின்வரிசைச் சிறுவன் இம்முறை சிரிக்கவில்லை. கோட்டுப் பிரதியை வாங்கி, நெடுநேரம் பார்த்தான். பிறகு விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டு எண்ணத் தொடங்கினான்.