ஜி.டி. கார் அருங்காட்சியகம், கோயம்புத்தூர் – ஒரு மதிப்பீடு

ஜி.டி. கார் அருங்காட்சியகம், கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள பழைய மோட்டார் வாகனக் காட்சியகம் ஆகும். அறிவியலாளர் ஜி.டி. நாயுடு (1893–1974) பெயரிலான அறக்கட்டளை இதை 2015இல் திறந்தது. தஞ்சையிலிருந்து சென்று பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் இதன் சிறப்பையும் எல்லையையும் இங்கே பதிவு செய்கிறேன்.

காணத்தக்கவை

முதலில் பார்க்க வேண்டியது, கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் மாதிரி. ஒற்றை சிலிண்டர், ஒரு குதிரைத்திறனுக்கும் குறைந்த ஆற்றல், மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகம். பெட்ரோல் நிலையமே இல்லாத 1888இல், அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரு மகன்களுடன் இவ்வகை வண்டியில் சுமார் 100 கி.மீ. பயணம் செய்தார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். இதைப் படித்துவிட்டுப் போகும் மாணவர், அந்த மெல்லிய சக்கரங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

ரோல்ஸ் ராய்ஸும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் ஒரே இடத்தில் இருப்பது நல்ல ஒப்பீடு. ஒன்று செல்வருக்கானது; மற்றது சாமானியர் வாங்கும் விலையில் கிடைக்க வேண்டுமெனத் திட்டமிடப்பட்டது.

மையத்தில் இல்லாதது

பெயருக்கேற்ப இங்கு முதலிடம் காருக்கே. பளபளக்கும் கார் நம்மை அதன் உரிமையாளரின் இடத்தில் நிறுத்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மோட்டாரை அறிந்தது பயணிகளாகத்தான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் பேருந்துச் சேவை தொடங்கினார். ஜி.டி. நாயுடுவே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பேருந்தைத் தாமே ஓட்டியவர். அவர் பெயர் தாங்கிய இடத்தில் பேருந்தின் கதையே நடுநாயகமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காவிரி டெல்டாவின் அனுபவமும் இதுவே. நாகப்பட்டினம்–திருச்சி ரயில் பாதை 1860களிலேயே வந்துவிட்டது. ஆனால் ரயில் தொடாத ஊர்களை நெல் மண்டிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இணைத்தது பேருந்துதான். கும்பகோணத்தின் ராமன் அண்ட் ராமன் போன்ற தனியார் நிறுவனங்கள் அதை நடத்தின. 1972இல் அரசின் சோழன் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயு பேருந்துகள் ஓடின. அடுப்பில் குறைந்த காற்றில் கரியை எரித்து, வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். புறப்படுமுன் நெடுநேரம் அடுப்பை ஊத வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்க வேண்டும் என்று என் தந்தையார் சொல்வார். பெர்த்தா பென்ஸின் சமயோசிதத்திற்கு எவ்விதத்திலும் குறையாத கதை இது.

மதிப்பீடு

மாணவர்கள் கட்டாயம் காண வேண்டிய தொகுப்பு இது. ஆனால் ஒவ்வொரு வண்டி முன்னும் தயாரிப்பு ஆண்டைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது. இதில் யார் ஏறினார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அதே கேள்விகளைப் பழைய ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டு எழுதி வையுங்கள். காரை வாங்கிப் பாதுகாக்க ஆள் உண்டு. அவர்களின் நினைவோ, எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.