பாடநூலில் சில பத்திகள்: யூதர் படுகொலையும் நம் வகுப்பறைகளும்

புதுக்கோட்டை மாவட்டம் கறுக்காகுறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலை உளியால் வெட்டிச் சிதைக்கப்பட்டிருந்தது. அவற்றுள் காலத்தால் பிந்தியவை வெஸ்பாசியனுடையவை. யூதர்களின் கிளர்ச்சியை ஒடுக்கப் படை நடத்திக்கொண்டிருந்தபோதே அரியணைக்கு உயர்ந்தவன் அவன், கி.பி. 70இல் ஜெரூசலத்தையும் அதன் ஆலயத்தையும் அழித்தவன் அவன் மகன் டைட்டஸ். நம்மவர் இக்காசுகளைப் பற்றிப் பேசும்போது கடல் வாணிகத்தோடு நிறுத்திக்கொள்வர். யூதர் என்ற பெயர் நம் ஊர்களுக்கு வந்து சேரும் வழிகள் வேறு: ஜும்ஆ மேடை, ஃபலஸ்தீனச் செய்தி, பத்தாம் வகுப்புப் பாடநூல். மூன்றாவதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். முதல் இரண்டையும் அதிலிருந்து பிரிக்க இயலாது என்பது வேறு.

தமிழக அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல், இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைக் கூறுகிறது. கூறிய கையோடு இஸ்ரேல் தோன்றிய கதைக்குச் சென்றுவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சில பத்திகளுக்குள் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தும்போது, கோட்டைப்பட்டினத்திலோ மீமிசலிலோ அமர்ந்து கேட்கும் முஸ்லிம் பிள்ளைக்கு அப்படுகொலை ஓர் அநீதியின் முன்னுரையாகவே கேட்கிறது. காஸாவின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளை அது. முன்னதை மெய்யென ஒப்பினால், 1948இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனியர் வீடிழந்ததையும் நியாயமென ஒப்பியதாகிவிடுமோ என்று அது தயங்குகிறது. அத்தயக்கத்திற்கும் 'அறுபது இலட்சம் என்பதே கட்டுக்கதை' என்னும் பேச்சிற்கும் இடைவெளி அதிகமில்லை.

நிகழ்ந்தது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சொல்லியிருந்தால் இக்குழப்பம் பெருமளவு நீங்கியிருக்கும். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1939இல் மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் கொல்லும் திட்டம் தொடங்கியது. நச்சுவாயு முதலில் அவர்கள்மீதே செலுத்தப்பட்டது. 1941இல் கிழக்கு ஐரோப்பாவின் குழிகளில் யூதர்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டு வீழ்த்தப்பட்டனர். ரோமா நாடோடி மக்களும் கொல்லப்பட்டனர். அலுவலரும் இரயில்வே ஊழியரும் அண்டை வீட்டாரும் இதற்குக் கைகொடுத்தனர். இது ஐரோப்பா தன் பழைய பகையால் தன் மண்ணில் செய்த குற்றம். அதை முழுமையாக ஒப்புவதால் ஃபலஸ்தீனியரின் உரிமையில் அணுவளவும் குறையாது. மறுப்பதால் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் மீளாது.

தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு நூல் இதைவிட நன்றாகவே செய்தது. நாஜித் தந்தையின் அச்சத்தை ஒட்டுக்கேட்ட பதினொரு வயதுச் சிறுவனிலிருந்து அப்பாடம் தொடங்கும். பள்ளிக்கூடமே எவ்வாறு வெறுப்பின் பட்டறையாக்கப்பட்டது என்பதை அது விளக்கிற்று. அதற்கு ஈராண்டு முன்னர் குஜராத் மாநிலப் பாடநூலொன்று நாஜி ஆட்சியின் உள்நாட்டுச் சாதனைகளைப் போற்றியதாகக் கண்டனத்துக்கு உள்ளானதையும் மறக்கலாகாது. யூதரை ஜெர்மனி வெளியேற்றியது இந்துஸ்தானத்துக்கு ஏற்ற பாடம் என்று 1939இல் கோல்வால்கர் பெயரில் வந்த நூல் எழுதியது. 2006இல் அவ்வியக்கம் அந்நூலைக் கைகழுவியது. எழுதியபோது எந்தச் சமுதாயத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஹிட்லரின் வரலாற்றை ஐயத்தோடு ஒதுக்குவதற்கு இந்நாட்டில் எவருக்கேனும் உரிமை உண்டெனினும், நமக்கு இல்லை.

நம் வீட்டுக் குப்பையையும் பார்க்கத்தான் வேண்டும். யூதர் உலகை ஆளச் சதி செய்ததாகக் கூறும் 'ஸியோன் மூத்தோர் நெறிமுறைகள்' 1903இல் ருஷ்யாவில் அச்சேறிய போலி. 1864இல் மொரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர், யூதரைப் பற்றியே பேசாது, தம் அரசைக் கேலிசெய்து எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டது அது. 1921இல் இதை அம்பலப்படுத்தியவர் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் இஸ்தான்பூல் செய்தியாளர் பிலிப் கிரேவ்ஸ். நூறாண்டு கடந்தும் நம்மிடையே அதை ஆதாரமாக எடுத்தாள்வோர் உளர். ஓர் உயிரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பென்னும் அல்மாயிதா வசனத்தை மேடைதோறும் ஓதுகிறோம். அது பனூ இஸ்ராயீல்களுக்கு விதிக்கப்பட்டதென்றே தொடங்குவதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

1941 நவம்பரில் ஜெரூசல முஃப்தி அமீன் அல்ஹுஸைனி பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தார். அதை மறைக்கலாகாது. அதே பெர்லினில் முஹம்மத் ஹில்மி என்ற எகிப்திய மருத்துவர், அன்னா போரோஸ் என்ற யூத இளம்பெண்ணைப் போர் முடியும்வரை ஒளித்துக் காத்தார். 2013இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அந்நிறுவனம் எந்நாட்டுடையது என்பதால் உறவினர் முதலில் ஏற்க மறுத்தனர். பின்னர் 2017இல் உறவினர் ஒருவர் பெர்லினில் வைத்துப் பெற்றுக்கொண்டார். மறுப்பும் ஏற்பும் இரண்டுமே நமக்குப் புரிகின்றன. ஒரு வகுப்பு முழுவதும் பேசுவதற்கு இந்த ஒரு செய்தி போதும், பாடநூலில்தான் இடமில்லை.

இன்னொன்று. அவுஷ்விட்ஸ் முகாமில் பட்டினியால் உணர்வற்று, சாவின் விளிம்பில் நின்ற கைதிகளை ஏனைய கைதிகள் 'முஸல்மான்' என்று அழைத்தனர். பெயர்க் காரணம் பற்றிக் கருத்துகள் பல. அப்பெயரால் அழைக்கப்பட்டு மாண்டவர்கள் பெரும்பாலும் யூதர்கள்.

நம் ஊர்களிலோ கண்டிப்பான ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயர் 'ஹிட்லர்'. 1982இல் சிவாஜி கணேசன் நடித்த படமும் 2024இல் வந்த மற்றொரு படமும் அப்பெயரைத் தலைப்பில் தாங்கின. கேலியில் தீமை பெரிதன்று. பெயர் பழகிவிட்டதால் செயல் மறைந்துபோனதே குறை.

அறந்தாங்கிப் பகுதியில் ஆசிரியராக உள்ள நண்பர் ஒருவர், இப்பாடத்தை நடத்துகையில் பாடநூலை மூடிவைத்துவிட்டு நூர் இனாயத் கானின் கதையைச் சொன்னாராம். திப்பு சுல்தானின் வழிவந்த சூஃபி ஒருவரின் மகள். நாஜிகளுக்கு எதிராகப் பாரிஸில் இரகசிய வானொலிப் பணி செய்து பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்கவ் முகாமில் கொல்லப்பட்டவர். அவருடைய கபுர் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டானாம். அங்கே உடல்களை உலையில் இட்டு எரித்தார்கள் என்று நண்பர் சொன்னார். மற்றவர்களையுமா என்று அவன் கேட்டான். அதன் பிறகே அவ்வகுப்பில் யூதரைப் பற்றிய பாடம் தொடங்கியதாக நண்பர் கூறினார்.