ஜொகூர்ப் போரும் விடுபட்ட பெயர்களும்

ஜொகூரில் நடந்த போரைக் கூறும் நூல்கள் பல. அவற்றைப் படித்தோர், 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் நின்ற 45-ஆவது இந்தியப் படைப்பிரிவை அறிவர். போதிய பயிற்சியற்ற இளைஞர்கள். மத்தியக் கிழக்கிற்கெனத் திரட்டப்பட்டவர்கள். சிங்கப்பூரில் வந்திறங்கிய சில நாட்களிலேயே மூவாரில் நிறுத்தப்பட்டுச் சிதறுண்டனர். ஜனவரி 31-இல் கடற்பாலம் தகர்க்கப்பட்டதோடு அந்நூல்களில் ஜொகூரின் கதையும் முடிந்துவிடுகிறது. படை நகர்ந்தது, நூலும் உடன் நகர்ந்தது.

இதுவே அந்நூல்களின் பெருங்குறை. படைகள் சென்ற சாலையின் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கு வாழ்ந்த தமிழர் போரை வேடிக்கை பார்த்தவர் அல்லர். முழுப்போரில் இறங்கிய பேரரசு துப்பாக்கி ஏந்துவோரை மட்டுமா திரட்டும்? உழைப்பையும் உணவையும் சேர்த்தே திரட்டும். பிரிட்டிஷாருக்குப் போர்த்தளவாடம் செய்ய ரப்பர் வேண்டும். ஆதலால் பால்வெட்டும் கத்தி ஓயலாகாது. ஜப்பானியர் ஆட்சியிலோ ரப்பருக்குச் சந்தையில்லை, உண்ண அரிசியுமில்லை. வேலையிழந்த கைகளை 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில்பாதை இழுத்துக்கொண்டது. முதலில் ஆசை காட்டினர். பின்னர்ப் பிடித்தே ஏற்றினர்.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி, முழுப்போருக்கு முழுத் திரட்டல் வேண்டுமென முழங்கி, 3 லட்சம் வீரரையும் 3 கோடி வெள்ளியையும் கேட்டார். தோட்டத்து இளைஞர் பலர் சேர்ந்தனர். அவர்தம் விடுதலை வேட்கை மெய். சயாமுக்குத் தப்பும் வழியாகவும் சிலருக்கு அப்படை அமைந்தது என்பதும் மெய். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

இவ்வகையில் நம் நாவலாசிரியரே முந்திக்கொண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' தொழிலாளியை நடுவில் நிறுத்திற்று. அ. ரெங்கசாமி அப்பாதையை 'நினைவுச் சின்னம்' நாவலிலும், இந்திய தேசிய ராணுவத்தை 'இமையத் தியாகம்' நாவலிலும் எழுதினார். முன்னதைத் துயரக்கதை, பின்னதை வீரக்கதை என்று நாம் பிரித்துப் படித்துவிடுகிறோம். அது பிழை. ஒரே லயத்திலிருந்து அண்ணன் ரயிலேறவும் தம்பி படையில் சேரவும் கூடிய காலம் அது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கே அக்காலம் முழுமையாக விளங்கும்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் 24,000-க்கு மேற்பட்ட போர்வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சயாமில் மாண்ட நம் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்ப்பட்டியல் இல்லை. வேண்டும்போது ஆளெண்ணித் திரட்டிய பேரரசு, மாண்டபோது எண்ண மறந்தது. அந்தக் கணக்கை இனி எழுதவேண்டியவர் நாமே.