தேசியப் பூங்காக்களின் கைவண்ண நிழற்படங்கள்

கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட நிழற்படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டி உருவாக்கப்பட்டவை கைவண்ண நிழற்படங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்குச் சென்ற பயணிகள் இவற்றை நினைவுப்பொருளாக வாங்கினர். இன்று இவை பழம்பொருள் சேகரிப்பாளர்களால் தேடி வாங்கப்படுகின்றன.

பின்னணி

1872-ல் அமைந்த எல்லோஸ்டோன் பூங்காவில் பிராங்க் ஜே ஹேன்ஸும் அவருக்குப்பின் மகன் ஜாக் ஹேன்ஸும் படங்கள் எடுத்து விற்றனர். 1910-ல் அமைந்த கிளேசியர் பூங்காவுக்குப் பயணிகளை ஈர்க்க, கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் ஃபிரெட் கைசரின் படங்களைப் பயன்படுத்தியது. ஆகவே இப்படங்கள் தொடக்கம் முதலே விளம்பரத்தோடு பிணைந்தவை. 1930-களின் நடுவில் கோடாக்ரோம் வண்ணப் படச்சுருள் வந்தபின் இவற்றின் தேவை குறைந்தது.

சேகரிப்பு

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது சீரான புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. கையால் தீட்டிய படத்தில் அப்புள்ளிகள் இருப்பதில்லை. வண்ணம் சில இடங்களில் விளிம்பு தாண்டிப் படர்ந்திருக்கும். பின்புறம் ஒட்டிய ஸ்டுடியோ சீட்டும் பழைய சட்டமும் படத்தின் வரலாற்றைக் காட்டும் சான்றுகள். அழகுக்காகச் சட்டத்தை மாற்றுபவர் அச்சான்றுகளை இழக்கிறார்.

மதிப்பீடு

சந்தையில் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது நிழற்படக்காரரின் கையொப்பம். ஆனால் பெரிய ஸ்டுடியோக்களில் வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெயர் பதியப்படாத பெண்கள். நியூ இங்கிலாந்துக் காட்சிகளால் புகழ்பெற்ற வாலஸ் நட்டிங்கின் ஸ்டுடியோவில் அவரது பெயரைக்கூடப் பணியாளர்களே எழுதினர். கையொப்பத்தை மட்டும் நம்பும் சேகரிப்பு, படத்தின் பாதி ஆசிரியரை விட்டுவிடுகிறது.

இப்படங்களை இயற்கையின் ஆவணமாகக் கொள்வது இன்னொரு பிழை. எல்லோஸ்டோனின் மார்னிங் குளோரி வெந்நீர்ச் சுனை ஒருகாலத்தில் ஆழ்ந்த நீலமாக இருந்தது. பயணிகள் எறிந்த நாணயங்களும் குப்பையும் ஊற்றுக்கண்ணை அடைத்ததால் நீரின் வெப்பம் குறைந்தது. நுண்ணுயிர்கள் பரவி விளிம்பிலிருந்து மஞ்சளும் பச்சையும் படர்ந்தன. அச்சுனையின் பழைய கைவண்ணப் படத்தில் உள்ள நீலத்தைக் காட்டி இழப்பை அளக்கத் தோன்றலாம். ஆனால் அந்த நீலம் தூரிகையின் தேர்வு. தீட்டியவர் சுனையை நேரில் கண்டிருக்க வேண்டியதில்லை. நீரின் எல்லை, பாறையின் வடிவம் ஆகியவற்றுக்கே கேமரா சாட்சி.

இதனால் இப்படங்களின் மதிப்பு குறைவதில்லை. ஒரே நெகட்டிவிலிருந்து வந்த இரு பிரதிகளில் ஒன்றின் வானம் இளஞ்சிவப்பாகவும் மற்றதன் வானம் நீலமாகவும் இருக்கலாம். அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதே தீட்டியவரின் கை தெரியவருகிறது. கையொப்பங்களைத் திரட்டுவதைவிட இத்தகைய பிரதிகளைச் சேர்த்து ஒப்பிடும் சேகரிப்பே முதன்மையானது. ஒரு காலகட்டம் தன் காடுகளையும் மலைகளையும் எவ்வாறு காண விரும்பியது என்பதை அதுவே காட்டுகிறது.