நடுகல்லும் காட்சிக்கூடமும்: கிருஷ்ணகிரி வட்டாரப் போர் நினைவுகளும் பார்வையாளரும்

முன்னுரை

போர் வரலாற்று அருங்காட்சியகங்கள் பார்வையாளரைக் கடந்தகாலத்தோடு எவ்வாறு உறவுபடுத்துகின்றன என்னும் வினா, பெரும்பாலும் உலகப் போர்களை முன்வைத்தே பேசப்படுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் இவ்வினாவுக்குரிய முதன்மைச் சான்று நடுகல்லாகும். ஆநிரைப் பூசலில் மாண்டோர்க்கும் ஊர் காத்து மாண்டோர்க்கும் எடுக்கப்பட்ட கற்கள் இங்கு மிகுதி. அவற்றுள் சில, 1993இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. வேறு பல, வேடியப்பன் முதலிய பெயர்களில் இன்றும் வழிபடப்படுகின்றன. வழிபாட்டிலிருந்து காட்சிக்கூடத்திற்கு வரும்போது நடுகல் இழப்பதையும் பெறக்கூடியதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நடுகல் முன்னிறுத்தும் மனிதர்

தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை நடுகல்லுக்குரிய நிலைகளைக் கூறுகிறது. கல்லை நடுவதோடு அது நிறைவுறுவதில்லை. படையலும் வாழ்த்தும் தொடர்கின்றன. எனவே, கல்லின் முன் வந்து நிற்போரின் செயலும் நடுகல்லின் பொருளுள் அடங்கும்.

கல்வெட்டின் அமைப்பும் நோக்கத்தக்கது. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் மன்னன் காலத்தைக் குறிக்கவே வருகிறான். நினைவுகூரப்படுபவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் பெயரும் உருவமும் கல்லில் இடம்பெற்றுள்ளன.

காட்சிக்கூடத்தில் மாறும் வரிசை

அருங்காட்சியக வகைப்பாடு பொதுவாகக் கல் கிடைத்த ஊர், நூற்றாண்டு, அரச மரபு ஆகியவற்றைச் சார்ந்தது. இவ்வகைப்பாட்டில் காலக்குறிப்பாக வந்த மன்னன் தலைப்பாகிறான். மாண்டவனோ சிற்ப மாதிரியாகச் சுருங்குகிறான். குறை, கல்லை இடம்பெயர்த்ததில் இல்லை. 1970களில் தொடங்கிய ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் விரியும் நிலத்தில், இடம்பெயர்த்தலே சில கற்களைக் காக்கும் வழியாகலாம். குறை விளக்கமுறையில் உள்ளது.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2019இல் மீண்டும் திறக்கப்பட்ட அதன் முதன்மைக் கட்டடத்தில், தீக்காயமுற்றோரைக் காட்டிய பொம்மை உருவங்கள் நீக்கப்பட்டு, மாண்டோரின் உடைமைகள் முதன்மை பெற்றன. மிகுபுனைவுக் காட்சியைவிடத் தனி மனிதரின் எச்சமே பார்வையாளரை நிறுத்தும் என்பது இம்மாற்றத்தின் அடிப்படை. பெயருடைய ஒருவரை முன்னிறுத்தும் அம்முறையை நடுகல் முன்பே கொண்டிருந்தது.

நடுகல்லின் மௌனம்

எனினும், நடுகல்லை அப்படியே ஏற்பதும் திறனாய்வாகாது. அது ஒரு தரப்பின் நினைவு. எடுத்தனூர்க் கல்லில் நாய்க்குப் பெயருண்டு, கள்ளருக்கு இல்லை. சதிக்கற்கள் பெண்ணின் இறப்பையும் புகழாக்கிவிடுகின்றன. வழிபாடு எழுப்பாத இவ்வினாக்களை எழுப்பும் உரிமையும் கடமையும் அருங்காட்சியகத்திற்கு உண்டு.

முடிவுரை

விளக்கப் பலகை மாண்டவரின் பெயரிலிருந்து தொடங்குதல் வேண்டும். கல் நின்ற இடமும் அங்கு அது பெற்ற வழிபாடும் குறிக்கப்பட வேண்டும். தமிழ், கன்னடக் கல்வெட்டுகள் காணப்படும் இவ்வட்டாரத்தில் அவற்றின் எளிய பொருளைத் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றிலும் தருதல் பொருந்தும். இவற்றோடு, பெயர் பெறாதோர் யார் என்னும் வினாவும் பலகையில் இடம்பெறுமாயின், பார்வையாளர் பழம்பொருளைக் காண்பவராக மட்டுமன்றி, போர் நினைவை உசாவுபவராகவும் ஆவர்.